ஃபைனல் அன்று பெரியம்மா கேட்ட கேள்விகள்

பெரிய மேட்ச் என்றால் அது ஞாயிற்றுக்கிழமைதான் வரும். குடும்பத்தில் எல்லாரும் ஒன்று சேர்வதும் ஞாயிற்றுக்கிழமைதான். ரொம்ப நாளாக இதை என்னுடைய நேரக்கொடுமை என்றே நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் தேதிகளை எடுத்துப் பார்த்தேன். 2019 ஜூலை 14, 2022 டிசம்பர் 18, 2023 நவம்பர் 19, 2025 நவம்பர் 2, எல்லாமே ஞாயிறு. ஜனங்கள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து அவர்கள் ஃபைனலை வைக்கிறார்கள், அதே காரணத்துக்காகப் பெரியப்பா அதே நாளில் எல்லாரையும் வரச்சொல்கிறார். யார் மேலும் கோபப்பட முடியாது.

வார நாட்களில் நான் எப்படிப்பட்ட ரசிகன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு முழு மேட்சை உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம். ஸ்கோர் மட்டும் பார்ப்பேன். மீட்டிங்கில் மேசைக்கு அடியில், லிஃப்டில், பல் தேய்க்கும்போது. டெஸ்ட் மேட்ச் நடந்தால் பந்துக்குப் பந்து எழுத்து வர்ணனை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் யாராவது வரும் சத்தம் கேட்டால் எக்செல் ஷீட் மேலே வந்துவிடும். ராத்திரி படுக்கும்போது ஹைலைட்ஸ். ஆக எல்லாம் தெரியும், எதையும் பார்த்ததில்லை.

குகேஷ் செஸ்ஸில் உலக சாம்பியன் ஆனதைக்கூட பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் பார்த்தேன். 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை, பதினான்காவது ஆட்டம். டிரா என்று எல்லாரும் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்ட நேரத்தில், எதிரே ஆடிய டிங் லிரன் 55வது நகர்த்தலில் யானையைக் கொண்டுபோய்த் தப்பான கட்டத்தில் வைக்கிறார். அது தப்பு என்று உறைத்த நொடியில் குகேஷின் கண்கள் விரிவதை கேமரா காட்டுகிறது. பதினெட்டு வயதுப் பையன்! ‘ஐயோ’ என்று நான் சத்தமாகவே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என் காலை மிதித்துவிட்டதாக நினைத்துப் பதறிப்போய் ஸாரி சொன்னார். அவரிடம் என்ன சொல்வது? பரவாயில்லை சார் என்றேன்.

தனியாகப் பார்ப்பதில் இருக்கும் குறை இதுதான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்காததால் நாமும் எதையும் யோசிக்கமாட்டோம். ஸ்கோர் வரும், சந்தோஷம் வரும் அல்லது எரிச்சல் வரும், அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். குடும்பம் கூடிய வீட்டில் அது நடக்காது. அங்கே ஹாலில் இருப்பது ஒரே ஒரு டிவி, அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேட்சைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்கள் சும்மாவும் இருக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தப்பா பார்த்தால் டீம் தோற்றுவிடும் என்று அவரே முடிவு செய்துவிட்டதால் முக்கியமான ஓவர்களில் வராந்தாவுக்குப் போய்விடுவார், அங்கிருந்து ‘என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இதற்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். மாமாவுக்கு 1983 கிரிக்கெட் உலகக் கோப்பைக்குப் பிறகு நடந்தது எதுவும் பெரிதில்லை. வெறும் 183 ரன்னை வைத்துக்கொண்டு வெஸ்ட் இண்டீஸை 140க்குச் சுருட்டிய கதையை வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் விடமாட்டார், நாங்களும் முதல்முறை கேட்பதுபோலவே கேட்போம். அக்காவுக்கு கிரிக்கெட்டே பிடிக்காது, ஃபெடரர் மட்டும்தான். சித்தப்பா பையன் அருணுக்கு எல்லா விளையாட்டும் தெரியும், எந்த டீம் ஜெயிக்கிறதோ அதுதான் அவன் டீம். அப்புறம் பெரியம்மா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விளையாட்டையும் தேடிப் பார்க்கமாட்டார், எல்லாரும் ஹாலில் இருக்கிறார்களே என்று வந்து உட்காருவார், கையில் எப்போதும் ஒரு சுடோகு புத்தகம் இருக்கும். நடுநடுவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி டிவியைப் பார்த்து ஏதாவது கேட்பார். அவ்வளவுதான், முடிந்தது கதை.

2019 ஜூலை 14. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். இந்தியா அதற்குச் சில நாள் முன்புதான் மான்செஸ்டரில் நியூசிலாந்திடம் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் 18 ரன்னில் தோற்றிருந்தது. முதல் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ரன். ஜடேஜா 77 அடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, கடைசியில் மார்ட்டின் கப்டில் ஸ்டம்பைப் பார்த்து நேராக எறிந்த பந்தில் தோனி ரன் அவுட். அதனால் ஃபைனல் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும். எனக்கு யார் ஜெயித்தாலும் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் கப்டில் மேல் மட்டும் கடுப்பு. அதே நாளில் விம்பிள்டன் ஃபைனலும். ஃபெடரர், ஜோகோவிச். லார்ட்ஸும் விம்பிள்டனும் ஒரே லண்டனில்தான், எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே ரிமோட்தான்.

ரிமோட் அக்காவிடம். ஓவர் முடிந்தால் டென்னிஸ், டென்னிஸில் இடம் மாறினால் கிரிக்கெட் என்று ஒப்பந்தம். ஆரம்பத்தில் அது நன்றாகத்தான் போனது. கடைசி ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தமும் போனது, மரியாதையும் போனது. ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7 முன்னிலை, தன் சர்வீஸில் 40-15. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், அதற்கு இரண்டு வாய்ப்பு. முப்பத்தெட்டு வயதுக்குச் சில வாரமே பாக்கி. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். இரண்டும் போனது. செட் 12-12 வரை போய், அதை முடித்துவைக்கும் ஒரே கேமான டைபிரேக். அந்த வருடம்தான் விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு 12-12இல் டைபிரேக் என்ற விதியே வந்திருந்தது. அதற்கு முன்னால் என்றால் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 13-12, ஜோகோவிச். நான்கு மணி ஐம்பத்தேழு நிமிடம். அக்கா ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை என் மடியில் போட்டாள்.

டிவியில் புள்ளிவிவரம் வந்தது. மொத்தம் எடுத்த பாயிண்ட், ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. பெரியம்மா சுடோகுவிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இந்தப் பையன்தானே அதிகம் எடுத்திருக்கான்?”

“ஆமா பெரியம்மா.”

“அப்போ எப்படித் தோத்தான்?”

கேமாகச் சேர்த்து, கேமைச் செட்டாகச் சேர்த்து, செட்டை எண்ணுவார்கள் என்று அருண் விளக்கினான். ஒரு செட்டை 6-1 என்று அள்ளினாலும் அது ஒரு செட்தான், மூன்று டைபிரேக்கை நூலிழையில் ஜெயித்தால் அது மூன்று செட். ஃபெடரர் தோற்ற மூன்று செட்டும் டைபிரேக்தான். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, எப்போ எடுக்கறோம்ங்கறதுதான் கணக்கு” என்று ஒத்துக்கொண்டார். எனக்கு டென்னிஸ் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து தெரிந்த விஷயம்தான் இது, ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பட்டது.

இந்தப் பக்கம் லார்ட்ஸில் வேறு கூத்து. நியூசிலாந்து 241. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு மூன்று பந்தில் ஒன்பது ரன் வேண்டும். ஸ்டோக்ஸ் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்து டைவ் அடிக்கிறார், அதே கப்டில் எறிந்த பந்து நீட்டிய மட்டையில் பட்டு பவுண்டரிக்குப் போகிறது. ஓடிய இரண்டு, போன நான்கு, ஆக ஆறு. ஸ்டோக்ஸ் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்கிறார். இப்போது இரண்டு பந்தில் மூன்று. அந்த இரண்டு பந்திலும் ஒரு ரன், ஒரு ரன் அவுட். 241க்கு 241. வராந்தாவிலிருந்து சித்தப்பா, “யாருடா ஜெயிச்சா?” யாரும் ஜெயிக்கலை சித்தப்பா. “அப்போ நான் உள்ள வரலாமா?”

சூப்பர் ஓவர், அதாவது ஆளுக்கு ஒரு ஓவர். இங்கிலாந்து 15. நியூசிலாந்துக்கு ஆர்ச்சர் போடுகிறார், நீஷம் ஒரு சிக்ஸர் அடித்ததும் ஹாலில் இருந்த பாதிப் பேர் திடீரென்று நியூசிலாந்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், ஓடுவது யார் என்று நினைக்கிறீர்கள், கப்டில்தான். தோனியை ரன் அவுட் ஆக்கியவர் அதே வாரத்தில் உலகக் கோப்பையின் கடைசிப் பந்தில் ரன் அவுட். என் கடுப்பு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. ஆள் தரையில் கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 15க்கு 15. மறுபடியும் சமம். ஆனால் இங்கிலாந்து வீரர்கள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியம்மா புத்தகத்தை மூடியே வைத்துவிட்டார்.

“இவங்க ஏன் குதிக்கறாங்க?”

“பவுண்டரி அதிகம் அடிச்சிருக்காங்க பெரியம்மா. இருபத்தாறுக்குப் பதினேழு.”

“பவுண்டரிக்குத்தான் ஏற்கனவே நாலு ரன் கொடுத்தாச்சே. மறுபடியும் எதுக்கு எண்ணறாங்க?”

பதில் இல்லை. மாமா, “அட, விக்கெட்டையாவது எண்ணியிருக்கலாம், இவங்க பத்து, அவங்க எட்டு” என்றார். பெரியம்மா விடவில்லை. “ஓடி எடுத்த நாலும் நாலுதான், உருண்டு போன நாலும் நாலுதான். ஓடினவன் உழைச்சிருக்கான், அவனுக்கு மார்க் குறைவா?” பரீட்சைத் தாளைத் திருத்தும் குரல் அது. அப்புறம் அந்த ஆறு ரன் விஷயத்துக்கு வந்தார். எறிந்த நேரத்தில் ஓடிய இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாண்டியிருந்தார்களா என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. அடுத்த நாள் பார்த்தால் முன்னாள் அம்பயர் சைமன் டஃபெல் அதையேதான் சொல்லியிருந்தார், தாண்டவில்லை, அதனால் இரண்டாவது ரன் சேராது, ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று. அந்த அக்டோபரில் உலக கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி பவுண்டரி எண்ணும் விதியையே தூக்கிவிட்டது, இனி அரையிறுதியிலும் ஃபைனலிலும் ஒருவர் ஜெயிக்கும்வரை சூப்பர் ஓவர்தான் என்று. செய்தி வந்த அன்றே பெரியம்மாவுக்கு போன் போட்டு, உங்க ஆட்சேபணையை ஏத்துக்கிட்டாங்க என்றேன். “யாரு?” என்றார். அவருக்கு மறந்தே போயிருந்தது.

அதிலிருந்து ஒரு விஷயத்தில் என் கட்சி மாறிவிட்டது. முன்பெல்லாம் விஷயம் தெரியாதவர்களோடு மேட்ச் பார்ப்பதைவிட அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்க்கலாம் என்பேன். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்த நான்கு பேர் சேர்ந்தால் என்ன பேசுவோம், யாரை எடுத்திருக்கணும், யாரை உட்கார வைத்திருக்கணும், அதே பேச்சுதான். விதியை யாரும் கேள்வி கேட்கமாட்டோம், அது மழை மாதிரி, இருக்கிறது, அவ்வளவுதான். தெரியாதவர்கள்தான் ‘ஏன்’ என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிகிறது.

இதை எழுதும்போது இன்னொரு தொல்லையும் ஞாபகம் வருகிறது. கூட்டமான வீட்டில் நேரலை என்று ஒன்று கிடையாது. டிவியில் ஒரு நேரம் ஓடும், அருண் போனில் அதற்கு அரை நிமிடம் பிந்தி ஓடும், டேப்லெட்டில் பார்க்கும் குழந்தைகளுக்கு அதற்கும் பிந்தி. ஹாலில் கத்தல் எழும்பும், அடுத்த அறையில் அருண் ‘சொல்லாதீங்க, சொல்லாதீங்க’ என்று அலறுவான், கொஞ்ச நேரம் கழித்து மாடியில் குழந்தைகள் கத்துவார்கள். ஒரே விக்கெட் மூன்று முறை விழும். 2022 கால்பந்து ஃபைனலில் இது உச்சத்துக்குப் போனது. அர்ஜென்டினா 2-0 என்று நிம்மதியாக இருந்தது, ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்று மாமா செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். 80வது நிமிடத்தில் பெனால்டியில் பிரான்ஸின் எம்பாப்பே ஒன்று, அது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னொன்று. குழந்தைகள் கீழே வந்து, நாங்கள் ஏன் முதல் கோலுக்கே இரண்டு தடவை கத்தினோம் என்று சண்டை போட்டார்கள். கூடுதல் நேரம் முடிந்து 3-3, பெனால்டியில் 4-2. பெரியம்மா அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மூணு கோல் போட்ட பையன் கையில கப்பு இல்லையே?” இல்லை. ஆண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் அவருக்கு முன்னால் ஹாட்ரிக் அடித்தவர் 1966இல் ஜெஃப் ஹர்ஸ்ட் ஒருவர்தான், அவர் டீம் ஜெயித்தது. எம்பாப்பேவுக்கு அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணி கொடுத்தார்கள் என்றேன். “அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது” என்றார். மெஸ்ஸிக்காக மாலையிலிருந்து நகம் கடித்துக்கொண்டிருந்த எனக்குக்கூட அந்த நிமிடம் எம்பாப்பே மேல் கரிசனம் வந்துவிட்டது, இது தேவையா.

2023 நவம்பர் 19, கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பத்து மேட்ச் தொடர்ந்து ஜெயித்துவிட்டு அகமதாபாத்தில் இந்தியா 240, ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் மட்டும் 137. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, பெரியம்மா உட்பட. சித்தப்பா மட்டும் அன்று முழு மேட்சையும் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டார் என்பது பிறகு தெரியவந்தது. அது சம்பந்தமான விசாரணை இன்றுவரை நடக்கிறது.

போன வருடம் நவம்பர் 2க்கு வருகிறேன், அதாவது 2025 பெண்கள் உலகக் கோப்பை. இந்த முறை ஒரு மாற்றம், டிவியைப் போடச்சொன்னதே பெரியம்மாதான். மூன்று நாள் முன்னால் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் துரத்தி, ஜெமிமா 127 அடித்து அழுததை செய்தியில் பார்த்திருக்கிறார். மழையால் ஃபைனல் இரண்டு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது, அதற்குள் அத்தைகள் எல்லாருமே ஹாலுக்கு வந்துவிட்டார்கள், எங்களுக்குத் தரைதான் கிடைத்தது. ஷெஃபாலி 87. தீப்தி 58 அடித்துவிட்டு ஐந்து விக்கெட். தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் சதம் அடித்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் விழுந்து, நழுவி, மறுபடி நழுவி, கடைசியில் ஒருவழியாக ஒரு கையில் நின்றதே, அப்போது என் தோளில் அறைந்தது எந்த அத்தை என்று இன்னும் தெரியவில்லை. 52 ரன்னில் வெற்றி. சித்தப்பா வராந்தாவில்தான் இருந்தார், நல்லவேளை.

பெரியம்மா கேட்டது, “இந்த ஷெஃபாலிப் பொண்ணு ஆரம்பத்துல இருந்தே ஆடிச்சா?” இல்லை, டீமிலேயே இல்லை. பிரதிகா ராவலுக்குக் காலில் அடிபட்டதால் அரையிறுதிக்குத்தான் கூப்பிட்டார்கள். “அடிபட்ட பொண்ணு அதுக்கு முன்னாடி நல்லா ஆடிச்சா?” முந்நூறு ரன்னுக்கு மேல், ஒரு சதம். “அப்போ அதுக்கும் மெடல் உண்டுல்ல?” சக்கர நாற்காலியில் கொடியைப் போர்த்திக்கொண்டு பிரதிகா சிரித்தபடி டிவியில் வந்த அதே நேரம். எனக்குப் பதில் தெரியவில்லை, போனில் தேடினேன், பட்டியலில் கடைசியாக இருக்கும் பதினைந்து பேருக்குத்தான் பதக்கம் என்று இருந்தது. அவர் இடத்தில் ஷெஃபாலி வந்ததால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. அத்தைகள் எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள், ஏதோ நான்தான் விதி எழுதியதுபோல. சில நாளில் அவருக்கும் பதக்கம் தர ஏற்பாடாகிவிட்டது என்று செய்தி வந்ததும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். பெரியம்மா கட்டைவிரல் ஒன்று அனுப்பினார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு ‘அம்பயர்ஸ் கால்’. காலில் பட்ட பந்துக்கு அவுட் கேட்கும் எல்பிடபிள்யூவில் பந்து ஸ்டம்பில் படுமா என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பை உரசினால், அம்பயர் முதலில் அவுட் சொல்லியிருந்தால் அவுட், நாட் அவுட் சொல்லியிருந்தால் நாட் அவுட். அதே பந்து, அதே இடம், இரண்டு தீர்ப்பு. பெரியம்மாவுக்கு இது ஜீரணமாகவில்லை. காலில் பட்ட பிறகு பந்து எங்கே போயிருக்கும் என்பது கணிப்புதான், அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால்தான் ஓரமாக உரசும்போது நேரில் நின்ற ஆளின் வார்த்தையை எடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் படம் வரைந்தெல்லாம் விளக்கினேன். மாமா என் பக்கம். அருண், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாததால், இரண்டு பக்கமும்.

பெரியம்மா நான் வரைந்த படத்தை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“கம்ப்யூட்டருக்குச் சரியா தெரியாது, அப்படித்தானே?”

“ஓரத்துல மட்டும்.”

“அப்போ ஸ்டம்புல படற மாதிரி எதுக்கு வரைஞ்சு காட்டுது? தெரியலைன்னு போட வேண்டியதுதானே.”

அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம். இதற்கு ஒரு நல்ல பதில் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எனக்கு அனுப்புங்கள்.